தென்னை தாமதமாகத்தான் பதில் சொல்லும்



2025 தைப்பூசத்துக்கு முன்னால் தேங்காய்க்கு வந்த தட்டுப்பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 கடைசி மாதங்களிலேயே விலை ஏறத் தொடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் இளைஞர் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: “மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுதே, கிளந்தான் பக்கம் வெள்ளமே வந்துடுச்சு. அப்புறம் காய் மட்டும் எங்க போச்சு?”

நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், அந்த மழைக்கும் அந்தக் காய்க்கும் சம்பந்தமே இல்லை. 2024 டிசம்பரில் கடைக்கு வந்திருக்க வேண்டிய தேங்காயின் கணக்கு அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று வருஷத்துக்கு முன்னாடியே மரத்துக்குள் முடிந்துவிட்டது. இந்தோனேசியாவிலிருந்து வரும் வரத்து குறைந்தது போன்ற வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டு மரங்களில் காய் குறைந்ததற்குக் காரணம் தேட வேண்டுமென்றால், 2023 நடுவில் தொடங்கி 2024 தொடக்கம் வரை நீடித்த எல் நினோ காலத்து வெயிலைத்தான் பார்க்க வேண்டும்.

நான் மின்னியல் பொறியியல் மாணவன், விவசாயி இல்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, பேராக் மாநிலத்தில் பாகான் டத்தோவில் நாலு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம். அந்த நாலு ஏக்கரை என்ன செய்வது என்று குடும்பத்தில் இப்போது பேச்சு நடக்கிறது. அதற்காகப் படித்ததையும் மாமாவிடம் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அந்தக் குருத்திலிருந்துதான் எல்லாமே வர வேண்டும். நன்றாக இருக்கும் மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விடும், வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதினாலு. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பாளை வெடித்து, பூ பிடித்து, குரும்பையாகி, இளநீராகி, முற்றிய காயாக விழ ஒரு வருஷம் ஆகும். அப்படியென்றால் ஒரு மரத்தில் எந்த நாளில் பார்த்தாலும் பன்னிரண்டு மாதத்துக் குலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதை எண்ணிப் பார்க்கலாம். நன்றாக விரிந்த மட்டைகளில் ஆக இளையதை ஒன்று என்று வையுங்கள். அங்கிருந்து வயது வரிசையில் கீழே இறங்கினால், பத்தாவது மட்டையை ஒட்டிப் பாளை வெடித்திருக்கும். பதினாலாவது மட்டையைத்தான் சத்துப் பரிசோதனைக்கு வெட்டி அனுப்புவார்கள். இருபதைத் தாண்டினால் முற்றிய காய். ஏதாவது ஒரு குலையில் மட்டும் நாலே காய் இருந்தால், அந்தக் குலைக்கு வந்த கெட்ட காலம் எப்போது என்று மாதக் கணக்கில் பின்னோக்கிப் போகலாம். மாமா இதையெல்லாம் எண்ணுவதில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்த மரம் போன வருஷம் தண்ணிக்கு ஏங்கியிருக்கு”ன்னு சொல்வார். நான் எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் வரும்.

பின்னோக்கிப் போகும் கணக்கு இன்னும் கொஞ்சம் நீளம். வெடிப்பதற்கு முன்னால், அந்தப் பாளை குருத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்கிறது. எத்தனை பெண் பூ என்பது வெடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்னால் முடிவாகிறது. ஆக, வறட்சி வந்தால் அது ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் அடிக்கிறது. வெளியே இருக்கும் குரும்பைகள் உதிரும், அது உடனே தெரியும். உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பாளையில் பெண் பூ குறையும், அதன் விளைவு இரண்டு வருஷம் கழித்துக் காயில் தெரியும். இப்போதுதான் முளைவிட்ட பாளை கருகிப் போகலாம், அது மூன்று வருஷம் கழித்துக் காலி இடமாக வெளியே வரும். மரத்தடியில் நிற்கிறவனுக்கு அப்போது மழை பெய்துகொண்டிருக்கும். அவனுக்குக் காரணம் புரியாது.

எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புப் பாடத்தில் கால தாமதம் என்று ஒரு பகுதி வரும். அதற்கு விரிவுரையாளர்கள் சொல்கிற உதாரணம் சுடுதண்ணீர்க் குளியல். குழாயைத் திருகுகிறோம், தண்ணீர் இன்னும் குளிராகவே வருகிறது. இன்னும் திருகுகிறோம். திடீரென்று கொதிக்கக் கொதிக்க வருகிறது. பதறி மூடுகிறோம், மறுபடி குளிர். குழாயில் கோளாறு இல்லை. பதில் வருவதற்குள் நாம் அடுத்த முடிவை எடுத்துவிடுகிறோம், அதுதான் பிரச்சினை.

தென்னையில் அந்தத் தாமதம் அரை நிமிஷம் இல்லை, இரண்டு மூன்று வருஷம். உரம் விஷயத்தில் பாருங்கள். சிறுதோட்டக்காரர் ஒருவர் கையிலிருக்கும் காசைப் போட்டு உரம் வாங்கி வைக்கிறார். ஆறு மாதம் பார்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை. “சும்மா காச கரியாக்கிட்டேன்”னு நிறுத்திவிடுகிறார். இரண்டு வருஷம் கழித்துக் காய் கூடுகிறது. அப்போது அவர் உரம் வைப்பதில்லை, அதனால் ‘உரம் வைக்காமலே நல்லா காய்க்குது’ என்று நினைக்கிறார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்துக் காய் விழுந்துவிடுகிறது. பாகான் டத்தோ பக்கம் இந்தக் கதையைப் பல வீட்டில் கேட்டேன்.

உரம் என்று சொன்னதால் இன்னொரு விஷயம். தென்னை மண்ணிலிருந்து மிக அதிகமாக உறிஞ்சுவது பொட்டாசியம். பலருக்குத் தெரியாதது, அதற்குக் குளோரினும் நிறைய வேண்டும். அதனால்தான் பிலிப்பைன்ஸில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டங்களில் சாதாரண உப்பையே உரமாகப் போடுகிறார்கள். மற்ற பயிருக்கு உப்பைப் போட்டால் செத்துவிடும்! கடலோரத்தில் தென்னை செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாத்தா காலத்தில் மரத்தடியில் உப்புப் போடுவார்களாம். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், இப்போது சிரிப்பதில்லை.

உப்பு பிடிக்கும் என்பதற்காகத் தேங்கி நிற்கும் உப்புத்தண்ணீர் பிடிக்கும் என்று அர்த்தம் இல்லை. பாகான் டத்தோ தட்டையான களிமண் பூமி. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கரை கட்டி, உள்ளே கான் வெட்டி, கான் முடிகிற இடத்தில் தண்ணீர்க் கதவு வைத்திருக்கிறார்கள். சில கதவுகள் மேலே கீல் மாட்டிய வெறும் தகடுதான். கடல் வற்றும்போது உள்தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது வெளித்தண்ணீரே அதை அழுத்தி மூடிவிடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. மூணு வருஷம் பொறியியல் படித்ததில் இவ்வளவு சுத்தமான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஒரு மரத்துண்டு சிக்கி மூடாமல் போனால் பல ஏக்கருக்குக் கடல் வந்துவிடும். கானை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினாலும் ஆபத்து. சில கடலோரக் களிமண்ணின் அடியில் கந்தகம் கலந்த கனிமம் இருக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் அது அமிலமாக மாறி வேரைக் கெடுக்கும். எனவே கான் வேலை என்றால் தண்ணீரை வெளியேற்றுவது மட்டும் இல்லை, சரியான மட்டத்தில் பிடித்து வைப்பதும்தான்.

சரி, மாமாவின் நாலு ஏக்கருக்கு வருகிறேன்.

மரங்களை நட்டது 1960களின் கடைசியில். எல்லாம் உள்நாட்டு நெட்டை ரகம். நெட்டை மரம் அறுபது வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், ஆனால் காய்ப்பு அதற்கு முன்னாலேயே குறைந்துவிடும். முப்பதடிக்கு முப்பதடி சதுரமாக நட்டதில் ஏக்கருக்கு 48 மரம் இருந்திருக்க வேண்டும். மின்னல், வண்டு, காற்று என்று போனது போக இப்போது முப்பதைச் சொச்சம் நிற்கிறது. மரம் உயர்ந்துவிட்டதால் நீளக் கழியில் அரிவாள் கட்டினாலும் எட்டவில்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை. விழுந்த காயைப் பொறுக்குவதுதான் அறுவடை.

சுற்றியுள்ள நிலங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறிவிட்டன. அதில் தப்பு சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் கொப்பரைக்காகத்தான் இருந்தன. நம்மவர்கள் நிறையப் பேர் காய் உரித்து, உடைத்து, உலர்த்தித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். செம்பனை எண்ணெய் மலிவாக வந்ததும் கொப்பரை விழுந்தது. செம்பனை நட்டால் மூன்று வருஷத்தில் குலை, அதன்பின் மாதத்துக்கு இரண்டு மூன்று வெட்டு, ஆலைக்காரன் எடை போட்டுக் காசு தருகிறான். மாமாவுக்கு வயது 61. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, நான் இப்ப தென்னம்பிள்ளை நட்டா, அது நல்லா காய்க்கறப்ப எனக்கு எழுவது. நான் நடறேன். வெட்டறதுக்கு நீங்க யாராச்சும் வருவீங்களா?”

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கணக்கு இதோ.

ரகம்தான் முதல் முடிவு. நெட்டை நட்டால் முதல் காய்க்கு ஆறிலிருந்து எட்டு வருஷம். குட்டையும் நெட்டையும் சேர்ந்த கலப்பினம் மூன்று நாலு வருஷத்திலேயே பாளை விடும். நம் நாட்டில் முன்பு பரவலாக நட்ட கலப்பினம் மாவா; மலாயாக் குட்டைக்கும் மேற்கு ஆப்பிரிக்க நெட்டைக்கும் பிறந்தது. நிறையக் காய்த்தது, ஆனால் காய் சிறியது, பச்சைக் காய் வாங்கும் சந்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இப்போது பேசப்படுவது மாத்தாக். மலாயாக் குட்டை தாய், பிலிப்பைன்ஸின் தாக்னானான் நெட்டை தந்தை. காயும் பெரிது, பராமரிப்பு நன்றாக இருந்தால் பழைய நெட்டையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காய்க்கும். இளநீருக்கு மட்டும் என்றால் வாசனையுள்ள பாண்டான் குட்டை இருக்கிறது. மாமா விற்பது தேங்காய்ப்பாலுக்குப் போகும் முற்றிய காய், அதனால் மாத்தாக்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாத்தாக் மரத்தின் காயை முளைக்கப் போட்டால் மாத்தாக் வராது. முதல் தலைமுறையில் இருக்கும் அந்த ஒழுங்கு அடுத்த தலைமுறையில் சிதறிவிடும், ஒன்று தாயைப்போல், ஒன்று தந்தையைப்போல், ஒன்று இரண்டும் இல்லாமல் வரும். உண்மையான கன்று வேண்டுமென்றால் தாய்க் குட்டையில் ஆண் பூக்களை நீக்கி, நெட்டையின் மகரந்தத்தைச் சேர்த்து, அந்தக் காயை முளைக்க வைக்க வேண்டும். பாளைக்குப் பாளை ஆள் ஏறிச் செய்யும் வேலை. கன்று விலை கூடுதலாக இருப்பதும், கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். சாலையோரத்தில் மலிவாகக் ‘கலப்பினக் கன்று’ விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஏமாந்தது தெரிய நாலைந்து வருஷம் ஆகும். தாமதம் விற்கிறவனுக்குத்தான் சாதகம்!

இரண்டாவது, இடைவெளி. சதுரத்துக்குப் பதில் முக்கோணமாக நட்டால், அதே முப்பதடி இடைவெளியில் ஏக்கருக்கு 56 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் சம தூரத்தில் ஆறு அண்டை மரங்கள், வெளிச்சம் யாருக்கும் குறையவில்லை, மரம் மட்டும் 15 விழுக்காடு கூடுதல். கயிறும் முளைக்குச்சியும் இருந்தால் போதும்.

மூன்றாவதுதான் சிக்கல். பழைய மரத்தை எப்போது வெட்டுவது? நாலு ஏக்கரையும் ஒரே சமயத்தில் வெட்டினால் நாலு வருஷம் வருமானம் இல்லை. வெட்டாமல் நடுவிலேயே கன்று வைத்தால், கன்று வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும். பாதிப் பாதியாகப் போகலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். சாலைப் பக்கத்து இரண்டு ஏக்கரை முதலில் வெட்டி 112 கன்று, சாகிறதுக்கு மாற்றாக இன்னும் பத்துப் பன்னிரண்டு. நடுவில் வாழை. தென்னந்தோப்பில் முதல் சில வருஷம் தரையில் நல்ல வெயில் விழும், அப்புறம் மரங்கள் மூடிக்கொள்ளும், இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மரம் உயர்ந்ததும் மறுபடி வெளிச்சம் இறங்கும். 1980களில் இந்தப் பகுதித் தென்னைகளுக்குக் கீழே கொக்கோ நட்டது அந்தக் கடைசி வெளிச்சத்தில்தான். பாட்டி கொக்கோக் காய் உடைத்த கதையை இன்னும் சொல்வார். பின்னால் விலையும் விழுந்து, காய் துளைக்கும் பூச்சியும் வந்து, அது போய்விட்டது. புதுக் கன்று காய்க்கும்வரை மீதி இரண்டு ஏக்கர் பழைய மரம் கைச்செலவுக்கு.

இந்தத் திட்டத்தைக் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு: காண்டாமிருக வண்டு. மலாய்க்காரர்கள் கும்பாங் பாடாக் என்பார்கள். வெட்டிப் போட்ட தென்னந்தண்டு அழுகினால் அதில் முட்டையிட்டுப் பெருகும். பெரிய வண்டு இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். அந்தக் குருத்து விரியும்போது ஓலையில் கத்திரியால் வெட்டியதுபோல் முக்கோணத் துண்டு காணாமல் போயிருக்கும். குருத்து ஒன்றுதான் என்று மேலே சொன்னேன் இல்லையா? அது செத்தால் மரம் செத்தது. பெரிய மரம் தாங்கும், இரண்டு வயதுக் கன்று தாங்காது. பழைய மரத்தை வெட்டிக் கன்றுக்குப் பக்கத்திலேயே போட்டு வைப்பது, வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்துப் பக்கத்தில் சாப்பாடும் வைப்பதற்குச் சமம். திறந்த வெளியில் எரிப்பதற்கும் தடை. எனவே தண்டைச் சிறு சில்லுகளாக வெட்டிப் பரப்பிக் காய வைக்க வேண்டும், அல்லது பலகைக்கு விற்க வேண்டும். வயதான தென்னந்தண்டில் வெளிச்சுற்று மிகவும் கடினம், நடுப்பகுதி பஞ்சுபோல் இருக்கும். காற்றில் வளையும் கம்பத்துக்கு வலு வெளிவிளிம்பில்தான் வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் முதல் வருஷப் பாடம், தென்னைக்கு அது பிறவியிலேயே தெரியும்.

இந்த வண்டு விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1963ல் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இங்கே மலாயாவில் நோயுற்ற வண்டுப் புழுக்களைச் சோதித்தபோது, அவற்றைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதைச் சில வருஷத்தில் சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே தென்னைகளை அழித்துக்கொண்டிருந்த வண்டு வெகுவாகக் குறைந்தது. பிறகு பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் அது போனது. பூச்சிமருந்து இல்லாமல் பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு உலகமெங்கும் காட்டப்படும் உதாரணங்களில் அது ஒன்று.

கணக்கைப் படித்துவிட்டு மாமா கேட்டார், “எல்லாம் சரி, நான் கேட்டதுக்கு இதுல பதில் இல்லையே?” இல்லைதான். மாதம் ஒரு வார இறுதி நானும் தம்பியும் வருகிறோம், உரமும் கான் வேலையும் எங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். பட்டம் முடித்து எங்கே வேலை கிடைக்கும் என்று இன்று எனக்குத் தெரியாது, அதையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு இரண்டு ஏக்கருக்கு மட்டும் கன்றுக்குப் பதிந்து வைத்திருக்கிறார். மீதி இரண்டு ஏக்கரைப் பற்றி அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வீட்டிலோ கோயில் வளாகத்திலோ காய்க்கும் தென்னை ஒன்று இருந்தால், அடியில் நின்று மட்டைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு குலையிலும் எத்தனை காய் என்று மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் மாதத்தைப் போடுங்கள். மிகக் குறைவான குலை எது என்று பார்த்து, அதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்னால் உங்கள் ஊரில் மழை எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டு வாங்க, சேர்த்து வைத்துப் பார்ப்போம்.